அப்பாவைத் தனி அறைக்கு மாற்றியது ஏன்?

கேள்வி: சர்க்கரை நோயால் அப்பாவுக்குக் காலில் புண். திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். சீழில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் 'கல்ச்சர்' பரிசோதனையில் 'எம்.ஆர்.எஸ்.ஏ.' என்று வந்ததும் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். நர்ஸுகள் கவுன், கையுறையோடுதான் வருகிறார்கள். சொந்தக்காரர்கள் பார்க்க வரவே பயப்படுகிறார்கள். அடுத்த வாரம் வீட்டுக்கு வருகிறார். எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, புளியரை

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியின் ஒரு வகைதான் எம்.ஆர்.எஸ்.ஏ. செஃபலெக்சின், அமாக்சிசிலின் போன்ற வழக்கமான மருந்துக்கு மசியாது. வான்கோமைசின், லினிசோலிட் போன்றவை பொதுவாகக் கேட்கும். ஆபரேஷன் காயத்தோடும் சிறுநீர் டியூபோடும் அடுத்த கட்டிலில் கிடப்பவரைக் காக்கத்தான் தனி அறை. அப்பாவிடமும் இதைச் சொல்லுங்கள், மனம் நொந்திருப்பார்.

இந்தக் கிருமி பெரும்பாலும் கை வழியாகத்தான் பரவுகிறது. கட்டில் கம்பியைத் தொட்ட கை செல்போனுக்குப் போகிறது, அங்கிருந்து அடுத்தவர் காயத்துக்கு. பார்க்க வருகிறவர்கள் அப்பாவின் கட்டிலில் உட்காருவதும், அப்படியே இன்னொரு வார்டுக்கு நலம் விசாரிக்கப் போவதும்தான் எனக்குப் பெரிய கவலை. அறைக்குள் போகும்போதும் வரும்போதும் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) சுமார் 3 மி.லி. எடுத்து, காயும்வரை 20 முதல் 30 விநாடி தேயுங்கள். கையில் அழுக்கோ சீழோ பட்டிருந்தால் சோப்பு போட்டு, 40 முதல் 60 விநாடி. பலரும் விட்டுவிடுவது கட்டைவிரலையும் விரல்நுனியையும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். கையுறை போட்டாலும் கழற்றியபின் கை கழுவ வேண்டும். கழற்றும்போதே அதன் வெளிப்பக்கம் விரலில் பட்டுவிடும். "கை கழுவியாச்சா சிஸ்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இப்படி மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகாமல் இருக்க, டாக்டர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளைப் பிடிக்கக் கேரள அரசு 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' தொடங்கியது. அங்கே தராவிட்டால் ஆரியங்காவு தாண்டி வந்து செங்கோட்டையில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். "வீரியமான ஊசியாகப் போடுங்க டாக்டர்" என்றும் கேட்காதீர்கள். எது கேட்கும் என்பதைக் கல்ச்சர் ரிப்போர்ட்தான் சொல்லும்: 'எஸ்' என்றால் கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது.

வீட்டில் தாத்தா பேரக்குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம். புண் கசியாமல் முழுக்க மூடியிருக்க வேண்டும், கை கழுவியிருக்க வேண்டும். துண்டு, ஷேவிங் செட் தனி. கட்டுத்துணியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். படுக்கை விரிப்பைச் சோப்புத்தூளும் சுடுதண்ணீரும் விட்டுத் துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பாத்திரத்தைப் பிரிக்கத் தேவையில்லை. காய்ச்சல் வந்தாலோ புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். குழந்தைக்குச் சீழ்க்கட்டி வந்தாலும் அப்படியே.

ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். புண் ஆறிய பிறகும் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உடம்பில் தங்கலாம். அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அட்மிஷன் போடும்போதே அதைக் காட்டிவிடுங்கள்.