நாலு நாளில் சாகும் பெசன்ட் குஞ்சுகள்: டானிக் வாங்கலாமா?

கேள்வி: ரிங்நெக் பெசன்ட் (கழுத்தில் வெள்ளை வளையம் உள்ள கோழியினப் பறவை) ஒரு நாள் குஞ்சுகள் 12, ஆறு ஜோடி என்று சொல்லி ஒருவர் பஸ் பார்சலில் அனுப்பினார். நொய்யும் கம்பு மாவும் வைக்கிறேன். நாலு நாளில் ஐந்து செத்துவிட்டன. டானிக்கும் ஆன்டிபயாடிக் பொடியும் அனுப்பட்டுமா என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் குஞ்சுகள் பெரும்பாலும் நோயில் சாகவில்லை, பட்டினியில் செத்திருக்கின்றன. பொரித்த குஞ்சின் வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு இரண்டு, மூன்று நாள்தான் தாங்கும். அதற்குள் கொத்தப் பழகாத குஞ்சு சுருண்டுவிடும். நாட்டுக்கோழிக் குஞ்சு தானே பழகிக்கொள்ளும். பெசன்ட் மிரண்டுபோய், காலடியில் தீனி கிடந்தாலும் சும்மா நிற்கும். போதாததற்கு ஒரு ராத்திரி முழுக்க அட்டைப்பெட்டியில் குலுங்கி வந்திருக்கிறது.

இன்று ராத்திரி ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். மெத்தென்று நிறைந்திருந்தால் கவலையில்லை. காலியாக இருப்பதைத் தனியே பிரித்து, அலகை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுங்கள். பழைய முட்டை அட்டையில் தீனியைத் தூவி, விரலால் டக் டக் என்று தட்டுங்கள். தாய்க்கோழி கொத்துகிறது என்று நினைத்து ஓடி வரும்.

நொய்யை நிறுத்துங்கள். இந்தக் குஞ்சுக்கு 28 சதவீதம் புரதம் வேண்டும். நொய்யில் அதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. பிராய்லர் பிரீ ஸ்டார்ட்டரோடு (கறிக்கோழிக் குஞ்சுக்கு முதலில் கொடுக்கும் கடைத் தீவனம்) அவித்த முட்டையை உதிர்த்துக் கலந்து வையுங்கள். கரையான் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிச் சாகும். பல்புக்கு அடியில் முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் மூன்று டிகிரி குறையுங்கள். இரண்டு வாரத்தில் பறக்க ஆரம்பிக்கும், மேலே வலை கட்டிவிடுங்கள்.

மருந்து வேண்டிய சமயம் ஒன்று உண்டு. மூன்று வாரம் வாக்கில் குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு நின்று, எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அது ரத்தக்கழிச்சல். அப்போது தாமதிக்கக் கூடாது, மருத்துவர் சொல்லும் அளவில் ஆம்ப்ரோலியம் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். தரையில் விரித்த உமி ஈரமானால் அன்றன்றைக்கே மாற்ற வேண்டும், மாற்றாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை. ஆனால் அது மூன்று வாரத்துக் கதை. உங்கள் குஞ்சுக்கு வயது நாலைந்து நாள்தான்!

அப்புறம் அந்த 'ஆறு ஜோடி'. ஒரு நாள் பெசன்ட் குஞ்சைப் பார்த்துச் சேவல், பெட்டை சொல்வது நன்கு பழகியவர்களால்தான் முடியும். நமக்கு ஏழெட்டு வாரத்தில் நிற இறகு எட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். ஜோடி என்று சொல்லிக் கூடுதல் காசு வாங்கியிருந்தால் எப்படிப் பிரித்தார் என்று கேளுங்கள், பதில் இல்லையென்றால் ஏமாற்றியிருக்கலாம். அலகும் காலும் ஆரஞ்சுச் சிவப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் உங்களிடம் இருப்பது கினிக்கோழி.

யாரிடம் புகார் செய்வது என்று அடுத்து கேட்பீர்கள். கோழிக்கும் காடைக்கும் பயிற்சி உண்டு, கையேடு உண்டு. பெசன்ட் என்றால் கால்நடைத் துறை அலுவலகத்தில் பேந்தப் பேந்த விழிப்பார்கள். விற்பவருக்கு மட்டும் எந்தக் கேள்வியும் இல்லை, பெட்டியைக் கட்டி பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார். அடுத்த முறை நேரில் போய், பத்து நாள் தாண்டிய, தானே கொத்தித் தின்னும் குஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும்.