டைம்ஷீட்டில் 40 மணி நேரம்

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் கான்ட்ராக்டில் இருக்கிறேன். சம்பளம் என்னை இங்கே அனுப்பிய வெண்டர் கம்பெனியிடமிருந்து வருகிறது, நாள் கணக்கில் பில்லிங். சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இப்போதெல்லாம் வாரத்துக்கு 4 மணி நேர வேலை இருந்தாலே அதிகம். வெள்ளிக்கிழமை டைம்ஷீட்டில் 40 மணி நேரம் போடும்போது கை கூசுகிறது. பக்கத்து சீட்டு மலையாள நண்பர் 'நோக்குக்கூலி' என்று கிண்டல் செய்கிறார். மற்றவர்கள் கொடுத்து வைத்தவன் என்கிறார்கள். எனக்கோ சாயங்காலமானால் மூட்டை தூக்கியது மாதிரி அசதி. மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. வேலையை விட்டுவிடலாமா?

கா.

அன்புள்ள கா.,

இப்போதைக்கு விட வேண்டாம்.

முதலில் அந்த நோக்குக்கூலி. சரக்கை உரியவரே இறக்கிக்கொண்டாலும், பக்கத்தில் நின்று பார்த்ததற்காகச் சுமைத் தொழிலாளர் சங்கத்தார் கேட்டு வாங்கிய பணம் அது. கேரள அரசு 2018 மே 1 முதல் அதை ஒழித்து உத்தரவு போட்டது. உங்கள் கதை வேறு. நாள் கணக்கு பில்லிங்கில் கிளையன்ட், அதாவது அந்த வங்கி, காசு கொடுத்து வாங்கியிருப்பது உங்கள் நேரத்தை. அதை வேலையால் நிரப்புவது அவர்கள் பாடு. பட்ஜெட்டை மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் அடுத்த வருஷம் வெட்டிவிடுவார்கள் என்ற பயத்திலேயே ஆளைப் பிடித்து வைத்திருக்கும் மேனேஜர்கள் உண்டு.

அசதிக்கு வருகிறேன். எழுத்து சோறு போடாத நாட்களில், சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கையேடு எழுதித்தரும் கான்ட்ராக்டில் இருந்தேன். மென்பொருளே தயாராகவில்லை, கையேட்டுக்கு எங்கே போவது? மேனேஜர் தலை தெரிந்தால் ஓர் எக்செல் ஷீட்டைத் திறப்பேன். அதில் 12 வரிசை. மஞ்சள் நிறம் போடுவேன், அழிப்பேன், மறுபடி மஞ்சள். பாட்டிலில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு நிரப்பப் போவேன், நடக்க ஒரு சாக்கு வேண்டுமே. எல்லோரும் கிளம்பிய பிறகுதான் கிளம்புவேன். ஒன்பது மணி நேரம் நடித்தால் யாருக்கும் உடம்பு வலிக்கத்தான் செய்யும்.

கிண்டல் செய்பவர்களுக்குச் சொல்ல ஒரு தகவல்: வேலை கொடுக்காமல் உட்கார வைத்து ஓர் ஊழியரை நோகடித்ததை மனரீதியான துன்புறுத்தல் என்று 2020இல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. (நீங்கள் வழக்கு கிழக்கு என்று இறங்கிவிடாதீர்கள். வெண்டர் மறுநாளே வேறு ஆளை அனுப்பிவிடுவார்.)

நீங்கள் ஒரு மெயில் எழுத வேண்டும். மேனேஜருக்கு, வெண்டருக்கும் நகல் வைத்து. போரடிக்கிறது என்று புலம்ப வேண்டாம். இந்த வாரம் கையில் இவ்வளவு வேலைதான் இருக்கிறது, மீதி நேரத்தில் இன்னதைச் செய்யட்டுமா என்று கேளுங்கள். அந்த 'இன்னது' முக்கியம். ராத்திரி தானாக ஓடி வேலைகளை மொத்தமாக முடிக்கும் பேட்ச் ஜாப்களில் எது நின்றுபோனால் யாரை எழுப்ப வேண்டும் என்கிற விஷயமெல்லாம் பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய ஆளின் தலைக்குள்தான் இருக்கும். அவரோடு உட்கார்ந்து எழுதித் தருகிறேன் என்று சொல்லுங்கள். மறுக்க மாட்டார்கள். டைம்ஷீட்டில் காத்திருந்த நேரத்துக்குத் தனிக் குறியீடு உண்டா என்றும் வெண்டரிடம் கேட்டுவிடுங்கள். இருந்தால் கை கூசாது.

'அப்படியானால் நீங்கள் தேவையில்லை' என்று முடித்துவிட்டால்? நடக்கலாம். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் எத்தனை நாள் என்று பாருங்கள். இரண்டு மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை மெயிலைத் தள்ளிப்போட்டாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன். இந்த விஷயத்தில் வீரம் காட்டி வாடகை பாக்கி வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

மற்ற நேரத்தில் படியுங்கள். சொந்தமாக ஆப் எழுதும் ஆசை இருந்தால் அவர்கள் லேப்டாப்பில் மட்டும் வேண்டாம். அங்கே எழுதியதெல்லாம் கிளையன்ட்டுக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் அநேகமாக ஒரு ஷரத்து இருக்கும். அப்புறம், மவுஸைத் தானாக ஆட்டிக்கொண்டிருக்கும் கருவி ஒன்று விற்கிறார்கள். வாங்கிவிடாதீர்கள். பிடிபட்டால் இத்தனை நாள் உட்கார்ந்திருந்ததும் ஏமாற்று என்றாகிவிடும்.

வீட்டில் இன்றே சொல்லிவிடுங்கள். மூன்றாம் மாதம் ஒருநாள் நான் எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்: "அப்ப தினம் எட்டு மணிக்கு மேல எதுக்கு வர்றீங்க?"