இரவுப் பார்வைக் கருவியில் கைக்கடிகாரம் எவ்வளவு தெரியும்?

ஒளிரும் முட்கள் உள்ள கடிகாரம் இரவுப் பார்வைக் கருவியில் நம்மைக் காட்டிக்கொடுக்குமா என்பது கேள்வி. நிச்சயம் காட்டிக்கொடுக்கும். அக்கருவியின் உள்ளே இருக்கும் மூன்றாம் தலைமுறை ஒளிபெருக்கிக் குழாய் ஏறத்தாழ 450 முதல் 900 நானோமீட்டர் வரை அலைநீளம் கொண்ட ஒளியைப் பல ஆயிரம் மடங்கு பெருக்கும். முட்களின் பச்சை ஒளி அதற்குள்தான் வருகிறது.

முட்களில் பூசப்படும் சூப்பர்-லூமினோவா என்ற ஒளிரும் பூச்சு வெளிச்சத்தில் ஒளியை ஏற்றிக்கொண்டு, இருட்டில் முதல் ஒரு மணி நேரத்திலேயே பெருமளவு மங்கிவிடும். ஆனால் வெறுங்கண்ணுக்கு மறைந்த பிறகும் கருவிக்குத் தெரியும். டிரிட்டியம் என்ற கதிரியக்க வாயு அடைத்த, தானாகவே ஒளிரும் குழல்களை அணைக்கவே முடியாது. டிரிட்டியம் பாதியாகக் குறைய ஆகும் காலம் (அரை ஆயுள்) 12.3 ஆண்டுகள். மறைந்திருக்க வேண்டியவருக்கு இது மோசமான தேர்வு என்பேன்.

ஸ்மார்ட்வாட்சில் பலரும் திரையை மட்டும் அணைக்கிறார்கள். அடிப்பக்க இதயத்துடிப்பு சென்சாரை மறந்துவிடுகிறார்கள். பட்டை தளர்ந்தால் அதன் பச்சை அல்லது அகச்சிவப்பு ஒளி ஓரத்தில் கசியும். அகச்சிவப்பு அணிந்தவர் கண்ணுக்கே தெரியாது. சென்சாரையும், கையைத் தூக்கினால் திரை எரியும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

எந்தக் கடிகாரமானாலும் ஒளிபுகாத துணி மூடி போடுவதே உறுதியான வழி. சட்டைக் கை விலகிவிடும், நம்ப வேண்டாம்.

கருவி அணிந்தபடி நேரம் பார்த்தால் முட்கள் கலங்கலாகத் தெரியும். காரணம், லென்ஸ் தொலைவுக்குக் குவிக்கப்பட்டிருக்கிறது. அதைத் திருகி மாற்றுவதைவிட, கருவிக்குக் கீழே உள்ள இடைவெளி வழியாக வெறுங்கண்ணால் பார்ப்பது எளிது.

வெப்பக் காட்சிக் கருவிக்கு முட்களின் ஒளி தெரியாது. தோலுக்கும் கடிகாரத்துக்கும் உள்ள வெப்ப வேறுபாடு மட்டுமே தெரியும்.