27 வயதில் நர்சிங் படிக்கலாமா? வாசகிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

வயல் வேலை, வீட்டு வேலை முடித்துவிட்டு மாலையில் படிக்க வரும் பெண்களுக்குக் கும்பகோணத்தில் பாடம் சொல்லித் தருகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளில் நான்கு.

பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. இப்போது 27 வயது, குழந்தை பள்ளிக்குப் போகிறது. இனி நர்ஸ் ஆக முடியுமா மேடம்? (நீடாமங்கலம் வாசகி)

முடியும். நர்ஸ் ஆவதற்கான டிப்ளமோ படிப்பு ஜி.என்.எம். (பொது செவிலியமும் பிரசவ உதவியும்). அது மூன்று வருடப் படிப்பு. வயது வரம்பு 17 முதல் 35 வரை. பன்னிரண்டாவதில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்க வேண்டும், 40 சதவீதம் மதிப்பெண் வேண்டும். அந்தப் பன்னிரண்டாவதைத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் மூலம் வீட்டிலிருந்தே முடிக்கலாம். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. தேறிய பாடம் தேறியதுதான்; ஐந்து வருடத்துக்குள் மீதியை முடித்தால் போதும்.

தேர்வு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும். உங்களுக்கு ஏப்ரல்தான் தோது. அக்டோபரில் சம்பா நடவும் களையெடுப்பும் கழுத்தைப் பிடிக்கும். மாசியில் அறுவடை முடிந்துவிட்டால் இரண்டு மாதம் நிம்மதியாகப் படிக்கலாம். எப்படிப் போனாலும் 35-க்கு முன்னால் சேர்ந்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.

"பத்தாவது பெயிலா? ஒரே வருடத்தில் நர்சிங் டிப்ளமோ" என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிறார்கள். சேரலாமா?

சேராதீர்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண் தாலிச் சங்கிலியை அடகு வைத்து இப்படி ஒரு இடத்தில் சேர்ந்தாள். படித்தாள், வெள்ளை யூனிஃபார்ம் போட்டாள், சான்றிதழும் வாங்கினாள். வேலைக்குப் போன இடத்தில் முதலில் கேட்டது பதிவு எண். அது அவளிடம் இல்லை. அவள் படித்த படிப்புக்குப் பதிவே கிடையாது.

தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "படித்து முடித்ததும் குழுமத்தில் பதிவு கிடைக்குமா?" ஆமாம் என்றால், அந்தக் கல்லூரியின் பெயர் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அவர்கள் காட்டும் பிரேம் போட்ட சான்றிதழை நம்பாதீர்கள்.

எனக்கு 41 வயது. மாமியார் படுத்த படுக்கையாக இருந்த மூன்று வருடமும் நான்தான் பார்த்துக்கொண்டேன். அந்த அனுபவம் வேலைக்கு உதவுமா?

நிச்சயம் உதவும். ஜி.என்.எம். வயது தாண்டிவிட்டது, உண்மைதான். ஆனால் ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட் என்று ஒரு குறுகிய காலப் பயிற்சி இருக்கிறது. நோயாளியைக் குளிப்பாட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்துப் படுக்கைப்புண் வராமல் காப்பது, ஜுரமும் நாடியும் பார்த்து எழுதுவது எல்லாம் அதில் வரும். பாதிக்கு மேல் உங்கள் கைக்குப் பழகிய வேலை. இது நர்ஸ் வேலை இல்லை. ஊசி போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

கணக்கு என்றாலே பயம். சலைன் எவ்வளவு வேகத்தில் சொட்ட வேண்டும் என்ற சொட்டுக் கணக்கு வருமே, என்ன செய்வது?

எங்கள் வகுப்பில் ஒரு அக்கா இருக்கிறார். நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போவார். "எனக்குக் கணக்கே வராது டீச்சர்" என்றார். பத்துப் பேருக்குக் கூலி யார் பிரிப்பது என்று கேட்டேன். "நான்தான்" என்றார். சரி, இதையும் அப்படியே பிரியுங்கள் என்றேன்.

500 மில்லி சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். சலைன் ஏற்றும் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. அப்படியென்றால் மொத்தம் 10,000 சொட்டு. 4 மணி நேரம் என்பது 240 நிமிடம். பத்தாயிரத்தை 240 நிமிடத்துக்குப் பங்கு போட்டார். நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 வந்தது. அப்புறம் அந்தச் செட்டோடு தண்ணீர் பாட்டிலைச் சுவரில் மாட்டி, ஒரு கையில் வாட்ச், மறு கையில் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் உருளை என்று நின்று சொட்டை எண்ணினார். முதல் தடவை 60. உருளையைக் கொஞ்சம் இறுக்கினார், 38. மூன்றாவது தடவை 42. நீங்களும் காகிதத்தோடு நிறுத்தாமல் இப்படிப் பாட்டிலை மாட்டிப் பழகுங்கள்.