சும்மா விட்ட பின்னில் ரேண்டம் கிடைக்குமா?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி: தோட்டத்து மோட்டாரை போனிலிருந்து ஓட்டும் போர்டு செய்திருக்கிறேன், அர்டுயினோ ஊனோ. எதிலும் இணைக்காத அனலாக் பின்னைப் படித்து, அந்த எண்ணையே விதையாக (ரேண்டம் எண்கள் தொடங்கும் எண்) கொடுத்து ரகசியச் சாவி உருவாக்குகிறேன். போதுமா சார்?

போதாது தம்பி. ஊனோவில் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி 10 பிட், ஆக என்ன செய்தாலும் 1024 விதைகளுக்கு மேல் வராது, அத்தனையையும் போட்டுப் பார்க்க சாதாரண லேப்டாப்புக்கே கண் இமைக்கும் நேரம் போதும். அந்த 1024-ம் முழுசாக வருமா என்றால் அதுவும் இல்லை. இருபது முறை ரீசெட் செய்து மதிப்பைக் குறித்துப் பாருங்கள், பக்கத்துப் பக்கத்து எண்களாகவே வந்துகொண்டிருக்கும். மோட்டார் லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் ஏறிக்கொள்ளும், அது ஒழுங்கான அலை.

அதே சிப்பில் வாட்ச்டாக் டைமருக்கென்று (சிப் உறைந்தால் ரீசெட் செய்யும் டைமர்) தனி 128 கிலோஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர், அதாவது தனிக் கடிகாரம், இருக்கிறது. சுமார் 16 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அது தட்டும்போது, மெயின் கடிகாரத்தில் ஓடும் டைமரின் கடைசி பிட்டை எடுங்கள். இரண்டு கடிகாரமும் ஒன்றுக்கொன்று தடுமாறுவதுதான் நமக்கான என்ட்ரோபி, அதாவது ஊகிக்க முடியாத தன்மை. எடுத்த ஒவ்வொரு பிட்டும் முழு ரேண்டம் என்று நம்பாமல் ஆயிரம் தடவை சேர்த்து, எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹேஷில் (எதைக் கொடுத்தாலும் 256 பிட்டாகக் கலக்கித் தரும் கணக்கு) கலக்குங்கள். பதினாறு வினாடி ஆகும், ஆகட்டும்.

ஓசூரிலிருந்து: எதை ஹேஷ் செய்தாலும் ரேண்டமாகத்தானே தெரிகிறது, ரேண்டமா என்று பார்க்கும் டெஸ்டிலும் தேறுகிறதே?

1, 2, 3 என்று எண்ணி ஹேஷ் செய்தாலும் தேறும். உள்ளே 1024 போனால் வெளியே 1024-தான். ஹேஷுக்கு முந்தைய பச்சை பிட்டுகளைச் சோதியுங்கள். ஒரே மதிப்பு விடாமல் வருகிறதா என்று போர்டு ஓடும்போதும் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறது அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2018-ல் வெளியிட்ட 800-90பி வழிகாட்டி.

காவேரிப்பட்டணத்திலிருந்து: மாங்கூழ் குளிர்அறைக்கு இஎஸ்பி32 (வைஃபை உள்ள சிப்) சென்சார், பேட்டரிக்காக வைஃபையை அணைத்து வைக்கிறேன். அதன் ரேண்டம் சரியா?

வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருந்தால் அந்த எண்ணை நம்பாதீர்கள். சாவி உருவாக்கும் முன் பூட்லோடரின் (போர்டைத் தொடங்கும் நிரல்) என்ட்ரோபி மூலத்தை இயக்கி, முடிந்ததும் மறக்காமல் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஏடிசியோடு மோதும்.

ஒரு போர்டில் உருவான விதையை மற்ற போர்டுகளுக்குக் காப்பி செய்து ஏற்றவும் வேண்டாம். 2012-ல் ரகசியக் குறியீட்டு ஆய்வாளர் நாடியா ஹெனிங்கரும் சகாக்களும் இணையத்தை அலசியபோது, முதல் பூட்டிலேயே என்ட்ரோபி இல்லாமல் சாவி உருவாக்கிய ரவுட்டர்கள் ஒரே பகா எண்ணைப் பகிர்ந்திருந்தன. அங்கே பொதுச் சாவி என்பது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல், ஆக இரண்டு பொதுச் சாவிக்கு மீப்பெரு பொதுக் காரணி கண்டதுமே ரகசியச் சாவி கையில் வந்துவிட்டது.