"சும்மா உதவிக்கு நிக்கிறான்": சுவிஸ் சட்டத்துக்கு அப்படி ஒரு வேலை தெரியாது

கேள்வி: பீல் நகரில் பதினொரு மேசை போட்ட சின்ன உணவகம் நடத்துகிறேன். கொத்து, தோசை, மத்தியானச் சாப்பாடு. சமையலறைக்கு இரண்டு பேர் தேவை. ஒருவன் மனைவியின் பெரியம்மாவின் பேரன். வன்னியிலிருந்து வந்து ஏழு மாதம், 'என்' விசா (அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வராதவர்களுக்கானது), மத்திய முகாமிலிருந்து பேர்ண் மாநிலத்துக்கு மாற்றிவிட்டார்கள். மற்றவர் எரித்திரியப் பெண், 'எஃப்' விசா (தற்காலிகமாகத் தங்க அனுமதிக்கப்பட்டவர்களுக்கானது), கிரென்ஹனில் இருக்கிறார். இரண்டு பேருக்கும் வேலை அனுமதி எடுக்க வேண்டுமா? அது வரும்வரை பெடியனைப் பின்னேரங்களில் சும்மா உதவிக்கு விடலாமா? எஃப் விசாக்காரரின் சம்பளத்தில் பத்து வீதம் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்:

நடுவில் கேட்ட கேள்விதான் உங்களைக் கவிழ்க்கக்கூடியது. அதை முதலில் எடுக்கிறேன். விட முடியாது. ஒரு பின்னேரமும் முடியாது.

நம்மவர் கடைகளில் இந்த "உதவி" என்ற சொல் படும் பாட்டைப் பல வருடமாகக் கணக்குப் பார்க்கும் மேசையிலிருந்து பார்த்துவருகிறேன். கல்யாண வீட்டில் வெங்காயம் உரிப்பதும் கடைச் சமையலறையில் வெங்காயம் உரிப்பதும் நமக்கு ஒன்றுதான். சுவிஸ் சட்டத்துக்கு ஒன்றல்ல. வெளிநாட்டவர் மற்றும் ஒருங்கிணைப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் பாருங்கள். வழமையாகக் காசுக்குச் செய்யப்படும் எந்த வேலையும் தொழில்தான், சம்பளமே கொடுக்காமல் செய்வித்தாலும் தொழில்தான் என்கிறது அது. அதன் கீழ் வரும் ஒழுங்குவிதி இன்னும் ஒருபடி மேலே போகிறது: ஒரு நாளோ, சில மணித்தியாலமோ என்ற வித்தியாசமே கிடையாது. பழகிப் பார்க்க வருவது, பயிற்சிக்கு நிற்பது எல்லாம் இதற்குள் அடங்கும். ஆகவே "சம்பளம் குடுக்கேல்லை, சொந்தக்காரப் பெடியன், சாப்பாடு மட்டும்தான்" என்று பரிசோதகரிடம் சொல்வது தப்பிக்கும் வழியல்ல. அவர் எழுதவேண்டியதை நீங்களே வாயால் சொல்லிக்கொடுத்ததாக முடியும்.

அகப்பட்டால் என்ன நடக்கும்? அதே சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி, ஆளை வேலையில் நிறுத்துவதற்கு முன்பே அவருடைய அட்டையைப் பார்த்தோ, உரிய கந்தோரில் கேட்டோ, அனுமதி இருக்கிறதா என்று உறுதிப்படுத்துவது முதலாளியின் கடமை. ஆள் சொன்னதை நம்பினேன் என்பது போதாது. அனுமதி இல்லாதவரைத் தெரிந்தே வைத்திருந்தால் 117ஆம் பிரிவு: ஒரு வருடம் வரை சிறை அல்லது பணத்தண்டனை, பாரதூரமான சம்பவம் என்றால் மூன்று வருடம் வரை. கவனக்குறைவுதான் காரணம் என்றாலும் 20,000 பிராங்க் வரை அபராதம் உண்டு. அடுத்தடுத்துப் பிடிபட்டவர் பின்னாளில் யாருக்காவது அனுமதி கேட்டு விண்ணப்பித்தால் அதை நிராகரிக்கவும் மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

உங்களை விடுங்கள். அனுமதியில்லாமல் வேலை செய்தது அந்தப் பெடியனுக்கும் குற்றம். அவனுடைய அகதி விண்ணப்பம் இன்னும் மேசையில் கிடக்கிறது. நாளைக்கு ஒரு கஷ்டநிலை விண்ணப்பம் (தன் நிலைமையைக் காட்டி இங்கேயே தங்க அனுமதி கேட்பது) போடவேண்டி வந்தால், சட்டத்தை மதித்து நடந்தானா என்று அதிகாரிகள் கட்டாயம் பார்ப்பார்கள். இரண்டு மணிநேரக் கோப்பை கழுவலுக்கு அந்தப் பிள்ளை கொடுக்கும் விலை அது. கடைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், அதற்கு ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

சரி, முறைப்படி அவனை எடுக்க வழி இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் ஒடுக்கமான வழி. 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த மாற்றங்களுக்குப் பிறகு, மத்திய அரசின் முகாமில் இருக்கும்வரை 'என்' விசாக்காரர் வேலை செய்யவே முடியாது. அந்த இருப்பு அதிகபட்சம் 140 நாள். இவனை மாநிலத்துக்கு மாற்றிவிட்டபடியால் அந்தத் தடை நீங்கிவிட்டது. ஆனால் இனி வேண்டியது அறிவித்தல் அல்ல, அனுமதி. அதைக் கேட்கவேண்டியவரும் அவனல்ல, நீங்கள். கையொப்பமிட்ட அல்லது கையொப்பத்துக்குத் தயாரான வேலை ஒப்பந்தத்தோடு மாநிலத்தின் பொறுப்பான கந்தோருக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவர்கள் மூன்று விஷயம் பார்ப்பார்கள். சம்பளமும் வேலை நிபந்தனைகளும் அந்த இடத்துக்கும் தொழிலுக்கும் வழக்கமானவையா? தொழிற்சந்தை நிலைமை இடம் கொடுக்கிறதா? இங்கு ஏற்கெனவே இருப்பவர்களில் இந்த வேலைக்கு ஆள் கிடைக்கவில்லையா?

உங்கள் விண்ணப்பம் இடறப்போவது மூன்றாவதில்தான். சமையலறை உதவியாளர் வேலைக்கு பீலில் ஆள் இல்லை என்று நிரூபிப்பது லேசான காரியமல்ல. விளம்பரம் போட்டீர்களா, 'ராவ்' என்று நாம் சொல்லும் வேலைவாய்ப்பு நிலையத்துக்கு அறிவித்தீர்களா, வந்தவர்களை ஏன் எடுக்கவில்லை என்று கேட்பார்கள். எஃப் விசாவோடு ஒரு பெண் அதே வேலைக்குத் தயாராக இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். கிடைத்தாலும் அந்த அனுமதி அந்த வேலைக்கு மட்டும்தான், கடை மாறினால் திரும்பவும் கேட்க வேண்டும். அகதி விண்ணப்பம் கடைசியாக நிராகரிக்கப்பட்டு, நாட்டைவிட்டு வெளியேறத் தவணை குறித்துவிட்டால், அந்தத் தவணையோடு வேலை அனுமதியும் தானாகச் செத்துவிடும். ஆகவே பெடியனின் முடிவு வரும்வரை பொறுத்திருங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். அவன் அந்த நேரத்தில் ஜெர்மன் வகுப்புக்குப் போகட்டும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டாலோ எஃப் கிடைத்தாலோ இந்த அனுமதிக் கதையே தேவைப்படாது.

இனி கிரென்ஹன் பெண். இங்கே நல்ல செய்தி. 2019 சனவரி 1 முதல் எஃப் விசாக்காரருக்கும், பி அட்டை பெற்ற அங்கீகரிக்கப்பட்ட அகதிகளுக்கும் வேலை அனுமதி என்பதே கிடையாது. அறிவித்தல் மட்டும் போதும். நிறைய முதலாளிமார் எஃப் அட்டையில் 'தற்காலிகமாக' என்ற சொல்லைக் கண்டதும் பின்வாங்குகிறார்கள். ஆறு மாதத்தில் அனுப்பிவிட்டால் என் சமையலறை என்னாவது என்ற பயம். நடைமுறையில் எஃப் விசாக்காரரில் பெரும்பாலானோர் இங்கேயே ஆண்டுக்கணக்காக இருக்கிறார்கள். அட்டையை ஒவ்வொரு வருடமும் புதுப்பிப்பார்கள். அதில் உள்ள திகதி முடிந்தாலும் அந்தஸ்து அந்த நாளோடு தானாக முடிந்துபோவதில்லை. ஆனாலும் புதிய அட்டையின் பிரதியைக் கேட்டு வாங்கிக் கோவையில் போட்டு வையுங்கள். பரிசோதனைக்கு வருபவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பதைவிட அது சுகம்.

அறிவித்தலை இணையத்தில் அரசாங்கத்தின் 'ஈசிகவ்' (EasyGov) தளத்தினூடாகச் செய்யலாம், கட்டணம் இல்லை. ஆளின் விபரம், உங்கள் கடையின் விபரம், என்ன வேலை, எந்த இடம், சம்பளம் எவ்வளவு என்பன கேட்கப்படும். வழமையான சம்பளமும் நிபந்தனைகளும் எனக்குத் தெரியும், அவற்றைக் கடைப்பிடிப்பேன் என்றும் நீங்கள் உறுதி கொடுக்க வேண்டும். அனுப்பியதும் ஆள் வேலையைத் தொடங்கலாம், பதிலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. அறிவித்தல் முதலில், வேலை பிறகு. "முதல் மாதம் பார்த்துவிட்டு அறிவிப்போம்" என்பது அறிவிக்காததற்குச் சமம், அதற்கும் அபராதம் உண்டு.

பலர் பிழை விடும் இடம் ஒன்று உங்கள் விஷயத்தில் இருக்கிறது. கிரென்ஹன் பீலிலிருந்து ரயிலில் பத்து நிமிடம்தான், ஆனால் அது சோலோதூர்ன் மாநிலம். அறிவித்தல் போகவேண்டியது ஆள் வசிக்கும் மாநிலத்துக்கல்ல, வேலை நடக்கும் மாநிலத்துக்கு, அதாவது பேர்ணுக்கு. எஃப் விசாக்காரர் சுவிஸ் முழுவதும் எங்கும் வேலை செய்யலாம், மாநில எல்லை வேலைக்குத் தடையில்லை. வீடு மாறுவது வேறு கதை. அதற்கும் 2024 ஜூன் 1 முதல் சற்று இளக்கம் வந்திருக்கிறது. பன்னிரண்டு மாதமாக வேறு மாநிலத்தில் வேலை செய்துவருபவர், அல்லது நியாயமற்ற அளவு தூரம் போய்வர வேண்டியவர், மாநிலம் மாற அனுமதி கேட்கலாம். பத்து நிமிடப் பயணத்துக்கு அது தேவைப்படாது.

ராவ் விஷயத்தில் இன்னொன்று. வேலையின்மை ஐந்து வீதத்தையோ அதற்கு மேலோ எட்டிய தொழில்களில், வெற்றிடத்தை முதலில் ராவுக்கு அறிவித்து ஐந்து வேலைநாள் பொறுத்த பிறகே வெளியே விளம்பரம் போடலாம். இது அகதிகளுக்கான விதியல்ல, யாரை எடுத்தாலும் பொருந்தும். பட்டியல் வருடாவருடம் மாறும். இந்த வருடப் பட்டியலில் சமையலறை உதவியாளர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பத்து வீதம்: இல்லை. அது செத்துப்போன விதி, ஆனால் நம்மவர் நினைவில் இன்னும் உயிரோடிருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்து சுவிஸ் உணவகங்களில் கோப்பை கழுவிய தலைமுறையைக் கேட்டால், 'பாதுகாப்புக் கணக்கு' என்று சம்பளத்தில் ஒரு பங்கு பிடித்து வைத்ததைச் சொல்வார்கள். 2008க்குப் பிறகு அதுவே பத்து வீதச் சிறப்புக் கட்டணமாக மாறியது. 2018 சனவரி 1 முதல் அதுவும் ஒழிந்தது. இன்றைக்கும் ஒரு முதலாளி அந்தப் பெயரில் பிடித்தால் அது அரசாங்கத்துக்குப் போகாது, அவர் பைக்குத்தான் போகிறது.

பிடிக்கவேண்டியவை வேறு இருக்கின்றன. அந்தப் பெண் சி விசா (நிரந்தர வதிவிட அட்டை) இல்லாதவர் ஆகையால் வருமானவரியை நீங்களே சம்பளத்தில் பிடித்துக் கட்ட வேண்டும். புதிய ஆளை எட்டு நாளுக்குள் வரிக் கந்தோருக்கு அறிவிக்க வேண்டும். ஏஎச்வி (முதியோர் ஓய்வூதியம்) முதலிய சமூகக் காப்புறுதிகளுக்கு 10.6 வீதம், வேலையின்மைக் காப்புறுதிக்கு 2.2 வீதம். இரண்டிலும் பாதி உங்களது, பாதி அவரது. விபத்துக் காப்புறுதி முதல் நாளிலிருந்து வேண்டும். கிழமைக்கு எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் வேலை என்றால் வேலைக்கு வெளியே நடக்கும் விபத்தும் அதில் சேரும். வருடச் சம்பளம் 22,680 பிராங்கைத் தாண்டினால் ஓய்வூதியக் காசும் உண்டு, முழுநேர ஆளுக்கு அது எப்படியும் தாண்டும்.

உங்களுடையது மேசை போட்டுச் சாப்பாடு கொடுக்கும் கடை. ஆகவே விருந்தோம்பல் துறையின் பொது ஒப்பந்தம் உங்களைக் கட்டும், நீங்கள் எந்தச் சங்கத்திலும் சேராதவராக இருந்தாலும் சரி. தொழிற்கல்வி இல்லாத முழுநேர ஊழியருக்கு 2025இல் அதன் ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 3,706 பிராங்க். தொகை வருடாவருடம் மாறும். அதற்கு மேல் பதின்மூன்றாம் மாதச் சம்பளம், ஐந்து கிழமை விடுமுறை. வேலைநேரம் கிழமைக்கு 42 மணி. முதலாளியைத் தவிர நிரந்தரமாக நாலு பேருக்கு மேல் இல்லாத கடை என்றால் 45 மணி. அந்த நாலு பேரில் குடும்பத்தவரும் சேர்த்தி, உங்கள் மனைவியையும் எண்ணுங்கள்.

நேரப் புத்தகம் எழுதுங்கள். எங்கள் கடைகளில் இது சுத்தமாக இல்லை. நீங்கள் பதிவு வைக்காமல் பிரச்சினை நீதிமன்றம் போனால், அந்தப் பெண் தன் கொப்பியில் எழுதி வைத்திருக்கும் கணக்குச் சாட்சியாக ஏற்கப்படும். மாதம் ஒருமுறை இருவரும் கையொப்பம் வைத்தால் வேலை முடிந்தது.

சாப்பாட்டுக்குக் கழிக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கழிக்கிறார்கள். எழுத்தில் வேறு உடன்பாடு இல்லையென்றால் வரித் திணைக்களத்தின் கணக்குப்படிதான்: காலைச் சாப்பாடு 3.50, மத்தியானம் 10, இரவு 8 பிராங்க். மாடியில் அறை கொடுத்தால் நாளுக்கு 11.50. கடையில் சாப்பிடாத நாளுக்குக் கழிக்கக்கூடாது.

நாளைக்கு அந்தப் பெண் விலகினாலோ வேறு வேலைக்குப் போனாலோ அதையும் அதே தளத்தில் அறிவிக்க வேண்டும். தொடக்கத்தை அறிவித்துவிட்டு முடிவை மறந்துபோகும் கடைகள்தான் அதிகம். அறிவித்தலின் பிரதி, அட்டையின் இரு பக்கப் பிரதி, ஒப்பந்தம், சம்பளத் துண்டுகள், நேரப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே கோவையில் போட்டு வையுங்கள். அந்தக் கோவை வீட்டில் இருக்கக்கூடாது, கடையில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பரிசோதகர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.