ஆந்தைப் படத்தைக் கழற்ற வேண்டுமா?

கேள்வி: கெனோஜுவாக் அஷெவாக் என்னும் இனுயிட் (ஆர்க்டிக் பழங்குடி) பெண்மணியின் ‘மாய ஆந்தை’ ஓவிய நகலைக் கனடாவில் படிக்கும் என் மகன் அனுப்பினான். கூடத்தில் மாட்டினேன். ஆந்தை வீட்டுக்கு ஆகாது என்கிறார் மாமியார். படத்தைக் கல்லில் செதுக்கியவர் வேறொருவர் என்கிறான் மகன். அப்படியென்றால் இது யாருடைய படைப்பு?
– வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கழற்றாதீர்கள், சகோதரி. வங்காளத்தில் ஆந்தை லட்சுமியின் வாகனம். மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள்.

படத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். உடல் சிறியதுதான். அதிலிருந்து கிளம்பும் இறகுகள் கதிர்கதிராக நீண்டு வளைகின்றன. 1960இல் அச்சிட்டது 50 பிரதிகள் மட்டும்; பாதிப் பிரதிகளில் சிவப்பும் கறுப்பும், மீதிப் பிரதிகளில் பச்சையும் கறுப்பும். 1970இல் கனடா அதை 6 சென்ட் அஞ்சல்தலையாகவே வெளியிட்டது.

கெனோஜுவாக் 1927இல் வடகனடாவின் பாஃபின் தீவில் ஒரு பனிவீட்டில் பிறந்தவர். காசநோய் வந்து, 1952 முதல் 1955 வரை குடும்பத்தைப் பிரிந்து கியூபெக் மருத்துவமனையில் கிடந்தார். அத்தனை துயரம் பட்டவர் வரைந்த பறவைகள் எப்படி நிமிர்ந்து நிற்கின்றன பாருங்கள்!

பாஃபின் பகுதியின் இனுயிட் ஊரான கேப் டோர்செட்டில் வேலை நடந்த முறை இதுதான். இவர் தாளில் வரைவார். செதுக்குபவர் கல்லின் முகத்தைச் சமன்செய்து, கோடுகளை அதில் படியெடுத்து, வேண்டாத இடங்களைக் குடைந்து எடுத்துவிடுவார். மேடாக நிற்கும் பகுதியில் உருளையால் மை பூசி, மெல்லிய தாளைப் பரப்பி, கையாலேயே அழுத்தித் தேய்ப்பார்கள். ஒவ்வொரு பிரதிக்கும் மறுபடி மை, மறுபடி தேய்ப்பு. தாளில் அச்சிடும் நுட்பத்தை, அங்கே இனுயிட் மக்களோடு வேலை செய்த கனடிய ஓவியர் ஜேம்ஸ் ஹூஸ்டன் ஜப்பானுக்குப் போய்க் கற்றுவந்தார்.

ஜார்ஜ் டவுனில் அப்பாவின் அச்சகத்தில் வளர்ந்தவன் நான். மை ஒரு துளி கூடினாலும் மெல்லிய கோடு அடைத்துக்கொள்ளும். அந்த இறகுநுனிகளைக் கல்லில் காப்பாற்றிய கைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆந்தை கெனோஜுவாக்குடையதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். அந்தக் கோடு அவர் மனத்தில் பிறந்தது. ஆனால் பழைய பிரதிகள் பலவற்றில் ஓவியரின் முத்திரையோடு செதுக்கியவரின் முத்திரையும் பதிந்திருக்கும். ஓவியர் பெயரை மட்டும் எழுதிவைக்கும் காட்சிக்கூடங்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

நகலில் நேர்வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரத்தில் தாள் பூஞ்சை பிடிக்கும், கண்ணாடியில் ஒட்டாதபடி சட்டம் போடுங்கள். சாமி மேடைக்கு எதிரே மாட்டியிருந்தால் மட்டும், மாமியாரின் மனத்துக்காக வேறு சுவருக்கு மாற்றுங்கள்.